தக்காளி சொன்ன மூன்று நிமிடம்

நவம்பர் 4, செவ்வாய்

இன்று ஒரு பொய் சொன்னேன். பெரிய பொய் இல்லை, ஒரு கெட்டில் கொள்ளளவு இருக்கும்.

காலையில் எதிர்வீட்டு ஓட்டுநர் என் கடிகாரப் பழுதுபார்ப்புக் கடைக்கு வந்தார். மூன்று மாதமாக எங்கள் மாடியில் எதிர்க்கதவில் குடியிருக்கிறார். நகரப் பேருந்து ஓட்டுகிறார். மாடிப்படியில் பார்த்தால் தலையாட்டுவதோடு சரி. இன்று சீருடையோடு வந்து தக்காளி வடிவத்தில் ஒரு சமையலறை டைமரை என் மேசைமேல் வைத்தார்.

“நாலு நிமிஷத்துக்குத் திருப்பி வெச்சா முட்டை கல்லாட்டம் வருதுங்க. மெதுவா ஓடுதுன்னு நெனைக்கிறேன். பாத்துத் தர முடியுமா?”

பார்த்துத் தருகிறேன் என்றேன். அப்போது என் கோப்பை அவர் கண்ணில் பட்டது. விளிம்பில் டீப் பையின் நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

“மசுரு மாதிரி இருக்கற ஸ்பிரிங்கயெல்லாம் பொறுமையா பாக்குற ஆளு, டீக்கு மட்டும் நூல் கட்டின பையா?” என்று சிரித்தார். சிரிப்பு நன்றாக இருந்தது. வினை அங்கேதான் தொடங்கியது.

“இது கடைக்குங்க. வீட்ல நான் இலைதான். முழு இலை. கெட்டில்ல போட்டு, ஊறவெச்சு, வடிகட்டி...” வாய் என்னைக் கேட்காமலே போய்க்கொண்டிருந்தது.

“அப்ப ஒரு நாள் குடிச்சுப் பாத்துடணும்.”

“வாங்களேன், ஞாயித்துக்கிழமை.”

“இந்த ஞாயிறு டூட்டி. அடுத்த ஞாயிறு வர்றேன்.”

வீட்டில் இலை இல்லை, கெட்டில் இல்லை, வடிகட்டி இல்லை. இப்போது பார்த்தால் பையும் தீர்ந்துவிட்டது.

நவம்பர் 5, புதன்

தக்காளியைத் திறந்தேன். உள்ளே பழைய எண்ணெய் பிசின்போல உறைந்திருந்தது. கழுவி, துடைத்து, புது எண்ணெய் போட்டேன். மேசையில் வைத்து இரண்டு முறை சோதித்தேன். நாலு நிமிடம் என்றால் நாலு நிமிடம், ஒரு விநாடி பிசகவில்லை. நான் கை வைத்தால் அப்படித்தான்.

ஆனாலும் உடனே கொடுத்துவிட மாட்டேன். சரி பார்த்த எதையும் இரண்டு வாரம் வீட்டில் என்னோடு குடித்தனம் நடத்த வைத்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பது என் வழக்கம். அதனால்தான் என் வீட்டுச் சுவரெல்லாம் ஊரார் கடிகாரங்கள். தக்காளியைச் சமையலறை ஜன்னல் திட்டில் வைத்தேன்.

நவம்பர் 6, வியாழன்

மாலையில் அழைப்பு மணி. எதிர்வீடு. கையில் ஒரு தகர டப்பா.

“நீங்க எந்த இலை வாங்குவீங்களோ தெரியாது. இது எனக்குப் பிடிச்சது. ஞாயித்துக்கிழமைக்கு இதையே போடுங்க.”

“ஓ, இதுவா! நானும் இதேதான்,” என்றேன்.

டப்பாவை அதற்கு முன் கனவில்கூடப் பார்த்ததில்லை. ஒரு பொய் தனியாக இருக்கப் பயந்து இன்னொன்றைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொள்கிறது.

நவம்பர் 8, சனி

பீங்கான் கெட்டில் வாங்கினேன். அக்காவுக்குப் போன் போட்டு, இலை டீ எப்படிப் போடுவது என்று கேட்டேன்.

“என்னடா புதுசா கேக்கற? தண்ணி, பால், சக்கரை, இலை எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு நல்லாக் கொதிக்க விடு. பொங்கி வரும்போது அடக்கு. மறுபடி பொங்கவிடு. அவ்ளோதான்.”

அப்படியே செய்தேன். பெரிய இலைகள் பாலில் வெந்த கீரையாக மிதந்தன. இரண்டு இலை என் மீசையில் ஒட்டிக்கொண்டன. அக்காவிடம் சொன்னதற்கு, “அப்ப இலை சரியில்ல, மாத்து,” என்றாள். தப்பு தன்மேல் இருக்கும் என்று எங்கள் குடும்பத்தில் யாரும் நினைத்ததே இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

டப்பாவின் பின்புறத்தை முதல்முறையாகப் படித்தேன். இதை வியாழக்கிழமையே செய்திருக்கலாம். கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி இலை. கெட்டிலை முதலில் வெந்நீர் ஊற்றி அலசிச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். தண்ணீர் கொதித்து, குமிழி அடங்கியதும் இலைமேல் ஊற்றி மூடி வைக்க வேண்டும். மூன்று நிமிடம். பிறகு வடிகட்டு. பால் இல்லை, கிளறல் இல்லை. இவ்வளவுதானா! இதற்கா இந்த அலட்டல்!

கடைகள் மூடியிருந்தன, வடிகட்டி வாங்க முடியவில்லை. மூளை வேலை செய்தது. கடையில் சக்கரங்களைக் கழுவ வைத்திருக்கும் சின்ன வலைக் கூடை இருக்கிறதே. எடுத்து வந்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, அதில் வடிகட்டினேன்.

பெட்ரோல் பங்கில் நின்றுகொண்டு டீ குடித்த மாதிரி இருந்தது. அந்தக் கூடை பதினைந்து வருடமாகப் பெட்ரோலில் குளித்தது என்பது வாய்க்குள் போன பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஏப்பம் விடவே பயமாக இருக்கிறது. அடுப்புப் பக்கம் போகவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

நல்ல வடிகட்டி வாங்கினேன். அலசினேன். அளந்தேன். குமிழி அடங்க விட்டேன். தக்காளியை மூன்றுக்குத் திருப்பினேன். மணி அடித்தது. வடித்தேன்.

கசப்பு. நாக்கின் இரண்டு ஓரமும் உள்ளே இழுத்துக்கொண்டது.

நவம்பர் 12, புதன்

இலையைக் குறைத்துப் பார்த்தேன். கசப்பு.

குழாய்த் தண்ணீர்தான் கோளாறு என்று முடிவு செய்து புட்டித் தண்ணீர் வாங்கினேன். கசப்பு. கெட்டில் புதிது, பழகவில்லை என்று நினைத்து நான்கு முறை வெந்நீரில் ஊறவைத்தேன். அதே கசப்பு. தண்ணீர், கெட்டில், அடுப்பு எல்லாவற்றையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி இறக்கியாகிவிட்டது.

நவம்பர் 14, வெள்ளி

இன்று எனக்கு ஞானம் வந்தது.

கசப்புதான் சரியான சுவை! இலை டீ என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். யோசித்துப் பார்த்தால், விஷயம் தெரிந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ரசிப்பது எல்லாமே கசப்பாகத்தானே இருக்கிறது? பாலும் சர்க்கரையும் குடித்து வளர்ந்த என் நாக்குக்குத்தான் பயிற்சி போதவில்லை. ஆக, மாற வேண்டியது டீ இல்லை, நாக்கு.

கண்ணாடி முன் நின்று குடித்துப் பழகினேன். மூன்றாவது கோப்பையில் முகம் சுளிக்காமல் “ம்ம்...” என்று சொல்ல வந்துவிட்டது.

நவம்பர் 15, சனி

வாலு விடுதியிலிருந்து வந்தாள். என் மகள், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பையை வைத்த கையோடு கெட்டிலைப் பார்த்தாள், புது மேசை விரிப்பைப் பார்த்தாள், என் மீசையைப் பார்த்தாள். ஒழுங்காக வெட்டியிருந்தேன்.

“யாருப்பா வர்றாங்க?”

“யாரும் இல்ல. எதிர்வீட்டு அவங்க. டீக்கு. டைமர் விஷயமா.”

“டைமர் விஷயமா,” என்று திருப்பிச் சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு. என்னிடமிருந்தே கற்ற சிரிப்பு அது. ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தேன்.

“அப்பா, இது டீயா, வயித்துவலிக் கஷாயமா?”

“உன் நாக்குக்கு இன்னும் பயிற்சி போதாது.”

“எவ்ளோ நேரம் வெச்சீங்க? போன்ல டைம் பாத்து வைங்கப்பா.”

முப்பது வருடமாகக் கடிகாரம் பார்ப்பவனிடம் போனில் நேரம் பார்க்கச் சொல்கிறாள்.

ஆனால் எழுதிவிடுகிறேன், இங்கே யாரும் பார்க்கப் போவதில்லை. அவர் நாளை வந்துபோன பிறகு இன்னொரு நாளும் வர வேண்டும். அதுதான் வேண்டும் எனக்கு. வாலு விடுதிக்குப் போய்விட்டால் இந்த வீட்டில் பேசுவது கடிகாரங்கள் மட்டும்தான். அவற்றுக்கும் ஒரே வார்த்தைதான் தெரியும். வாலுவின் அம்மா என்னைப் பிரிந்து போய் ஆறு வருடம் ஆகிறது. போகும்போது சொன்னாள்: “குடி இல்ல, அடி இல்ல, நல்ல மனுஷன்தான். ஆனா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ‘என் தப்பு’ன்னு சொல்லியிருக்கீங்களா?” அவள் தங்கை கல்யாணத்துக்கு டிக்கெட் எடுத்ததில் தேதியை மாற்றி எடுத்துவிட்டு, ரயில்தான் ஒரு நாள் முன்னாடியே போய்விட்டது என்று சாதித்தவன் நான். ரயில் நிலைய நடைமேடையில் நின்று, ரயில்வேக்காரரிடமே சாதித்தேன்.

எதற்கு இப்போது இதெல்லாம்? நாளைக்கு வேலை இருக்கிறது.

நவம்பர் 16, ஞாயிறு

போச்சு. எல்லாம் போச்சு.

நாலு மணிக்கு வந்தார். சீருடை இல்லாமல் பார்ப்பது இதுதான் முதல் தடவை, நீலச் சேலை. வாலு “வாங்க ஆன்ட்டி, எனக்குப் பரீட்சை, உள்ள படிக்கிறேன்” என்று நல்ல பிள்ளையாக அறைக்குள் போனாள். கதவை முழுதாகச் சாத்தவில்லை.

நான் கச்சேரி செய்பவன் மாதிரி ஆரம்பித்தேன். கெட்டிலை அலசினேன், “சூடு இறங்கக் கூடாது பாருங்க.” இலையை அளந்தேன், “இதுல கஞ்சத்தனமும் கூடாது, தாராளமும் கூடாது.” தண்ணீர் ஊற்றினேன். கடைசியாகத் தக்காளியைத் திட்டிலிருந்து எடுத்து அவருக்குக் காட்டினேன். “உங்க டைமரே சாட்சி. சரி பண்ணிட்டேன்.” மூன்றுக்குத் திருப்பி, மறுபடியும் திட்டில் வைத்தேன்.

பேசினோம். நன்றாகத்தான் பேசினோம். இறங்க மறந்துபோய்க் கடைசி நிறுத்தம் வரை தூங்கிவந்த ஒரு பயணியைப் பற்றிச் சொன்னார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டே அதைத் தேடி வந்த ஒரு வாடிக்கையாளரைப் பற்றி நான் சொன்னேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நடுவில் அவர் கெட்டிலைப் பார்த்தார்.

“மூணு நிமிஷம் ஆயிடுச்சே.”

“மணி அடிக்கலையேங்க.”

இன்னும் கொஞ்சம் பேச்சு. மறுபடியும் கெட்டிலைப் பார்த்தார். “இல்லங்க, நிச்சயமா ஆயிடுச்சு. நிமிஷக் கணக்குல வண்டி ஓட்டுறவ நான். எனக்கு உடம்புக்கே தெரியும்.”

“மணி அடிக்கட்டுங்க. அவசரப்பட்டா ருசி இறங்காது.”

ஒருவழியாகத் தக்காளி அடித்தது. ஊற்றினேன். மைக்கூட்டைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. அவர் ஒரு வாய் குடித்தார். கண் ஒருமுறை இறுக மூடித் திறந்தது. ரசிக்கிறார் என்று நினைத்தேன். கடவுளே, ரசிக்கிறார் என்றே நினைத்தேன்.

“ரொம்ப ஊறிடுச்சுங்க,” என்றார் மெதுவாக. “டைமர் இன்னும் சரியாகலையோ?”

அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்கலாம்? “அப்படியா, பாக்கறேன்” என்று சொல்லியிருக்கலாம். சும்மா இருந்திருக்கலாம். நான் சொன்னது இது:

“டைமர் கச்சிதம். இலைதான் பழசா இருக்கும்.”

அவர் கொடுத்த இலை! ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்த இலை!

“அப்படியா,” என்றார். கோப்பையை வைத்தார். இன்னும் ஐந்து நிமிடம் மரியாதைக்கு உட்கார்ந்துவிட்டு, “டைமர் ரெடின்னா எடுத்துக்கறேன்” என்று தக்காளியைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கதவு சாத்தியதும் வாலு வெளியே வந்தாள். போனை நீட்டினாள். “ஏழு நிமிஷம் முப்பத்தஞ்சு செகண்டுப்பா.”

“உன் போன் தப்பு.”

அவள் பையை எடுத்துக்கொண்டு விடுதிக்குக் கிளம்பினாள். நான் என்ன மனுஷன்!

நவம்பர் 17, திங்கள்

காலையில் கதவைத் திறந்தால் கைப்பிடியில் ஒரு துணிப்பை. உள்ளே தக்காளி. கூடவே வெந்த முட்டை ஒன்று. ஒரு சீட்டு: “நாலு நிமிஷ முட்டை. சாப்பிட்டுப் பாருங்க.”

உடைத்தேன். மஞ்சள் கருவைச் சுற்றிச் சாம்பல் வளையம். சுவரில் அடித்தால் திரும்பி வரும். உப்புத் தொட்டு முழுசாகச் சாப்பிட்டேன். தண்டனை என்று வந்துவிட்டால் பாதியில் விடக் கூடாது.

பகல் — கடையிலிருந்து எழுதுகிறேன். மேசையில் வைத்துச் சோதித்தேன். மூன்று நிமிடத்துக்கு மூன்று நிமிடம்! நாலுக்கு நாலு! ஆறு முறை! ஆக, டைமர் கச்சிதம். அவருக்கு முட்டை வேகவைக்கத் தெரியவில்லை, வாலுவின் போன் ஓட்டை. நான் சொன்னது சரி. சரி, சரி, சரி.

ஏன் சந்தோஷமாக இல்லை?

நவம்பர் 18, செவ்வாய்

மனசு கேட்கவில்லை. தக்காளியை வீட்டுக்கு எடுத்து வந்து அதே ஜன்னல் திட்டில் மூன்றுக்குத் திருப்பி வைத்து, பக்கத்தில் என் சோதனைக் கடிகாரத்தை வைத்தேன். முதல் நிமிடமே தாளம் தப்பியது. நொண்டி நொண்டி நடந்து ஏழரை நிமிடத்தில் வந்து மணி அடித்தது.

திட்டைத் தொட்டுப் பார்த்தேன். கல் ஜில்லென்று இருந்தது. அப்போது புரிந்தது. கடை மேசையில் என் மூக்குக்குக் கீழே எப்போதும் விளக்கு எரிகிறது. அந்தச் சூட்டில் எண்ணெய் இளகி, சக்கரம் ஓடும். சமையலறைக் குளிரில் எண்ணெய் தடித்து, சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஏன் தடித்தது? ஏனென்றால் அது சுவர்க்கடிகார எண்ணெய். சின்ன இயந்திரத்துக்கான மெல்லிய எண்ணெய்ப் புட்டி காலி. வாங்கி வரச் சோம்பல். “இந்தத் தக்காளிக்கு இது போதும்” என்று அன்று நினைத்தேன். நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஐந்தாம் தேதி எழுதியதைப் புரட்டினால் ‘புது எண்ணெய்’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். என்ன எண்ணெய் என்று எழுதவில்லை. என் டைரியிலேயே நான் எனக்கு டிமிக்கி கொடுத்திருக்கிறேன்.

தண்ணீர் குற்றவாளி இல்லை. கெட்டில் இல்லை. நாக்கு இல்லை. இலை நிச்சயமாக இல்லை.

நவம்பர் 19, புதன்

எதிர்க்கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் மாடிப்படி ஓரத்தில் தண்ணீர் மீட்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஐம்பத்தொரு வயது.

“மீட்டர் நல்லா ஓடுதுங்களா?” என்று கேட்டபடி இறங்கிப் போனார்.

நவம்பர் 20, வியாழன்

சீட்டு எழுதிக் கதவிடுக்கில் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுதியவை:

“அன்றைய தேநீரில் சிறிது கசப்பு ஏற்பட்டதாகத் தெரிகிறது.”

“தட்பவெப்பம் காரணமாக டைமரில் சில மாறுதல்கள் நிகழ்ந்துள்ளன.”

“இலை குறித்த கருத்து திரும்பப் பெறப்படுகிறது.”

ஒன்றிலும் ‘நான்’ இல்லை. அரசாங்க அறிவிப்பு மாதிரி இருக்கிறது. மூன்றையும் கிழித்தேன்.

வாலுவுக்குப் போன் செய்தேன். சனிக்கிழமை வரும்போது எதிர்வீட்டில் டைமரைக் கொடுத்துவிட்டு, அப்பா வருத்தப்படுகிறார் என்று ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்டேன்.

அவள் சொன்னாள்: “அம்மாகிட்டயும் என்னைத்தான் அனுப்பினீங்க. எனக்கு அப்ப பதிமூணு வயசு. நான் போய் என்னப்பா சொல்றது? நான் போக மாட்டேன்.”

அவள் வைத்த பிறகும் போனை வெகுநேரம் கையிலேயே பிடித்திருந்தேன். அவள் சொன்னது அத்தனையும் நிஜம். பதிமூன்று வயதுப் பெண்ணின் கையில் ஒரு பூங்கொத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு, நான் கடையில் உட்கார்ந்து ஒரு அலாரம் கடிகாரத்துக்கு முள் மாற்றிக்கொண்டிருந்தேன். என் குழந்தைடா அது. எனக்கு ஏன் அப்போது உறைக்கவில்லை?

நவம்பர் 22, சனி

மெல்லிய எண்ணெய் வாங்கி வந்தேன். தக்காளியை மறுபடி பிரித்துக் கழுவிப் பூட்டினேன். மேசையில், ஜன்னல் திட்டில், ஏன், குளிர்பெட்டிக்குள்ளும் வைத்துச் சோதித்தேன். மூன்று நிமிடம், மூன்று இடத்திலும்.

பிறகு எதிர்க்கதவுக்குப் போனேன். நாலு அடி தூரம். என் வீட்டிலிருந்து கடைக்கு நடப்பதே சுலபம்.

தலையில் துண்டோடு திறந்தார். “சொல்லுங்க கடிகாரக்காரரே.”

“டைமர்ல வந்து... ஒரு சின்ன இது. எண்ணெய் கொஞ்சம் தடிச்சுப் போய்...”

“எண்ணெய் தானா நடந்துபோய் உள்ள உக்காந்துச்சா?”

“இல்ல. நான் போட்டேன். தப்பான எண்ணெய். நல்லது தீந்துபோச்சு, வாங்கப் போகச் சோம்பேறித்தனம். என் தப்பு.”

உலகம் இடிந்து விழவில்லை. மாடிவிளக்குக்கூட மினுங்கவில்லை.

“அப்புறம்?” என்றார், கதவு நிலையில் சாய்ந்துகொண்டு.

“உங்க இலை பழசில்ல. அப்படிச் சொன்னது என் தப்பு. ரொம்பத் தப்பு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்னங்க?”

“யோசிங்க. எனக்கு இன்னிக்கு டூட்டி இல்ல.”

யோசித்தேன். காது சூடாகிவிட்டது. “நான்... இதுக்கு முன்னாடி இலை டீ போட்டதே இல்லீங்க.”

அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தார். துண்டு அவிழ்ந்து விழுந்துவிட்டது. “அது எனக்கு அன்னிக்கே தெரியும்! கடையில ‘கெட்டில்ல போட்டு ஊறவெச்சு’ன்னு சொல்றப்ப உங்க கை கஞ்சி கிண்டுற மாதிரி சுத்திச்சு. எப்ப ஒத்துக்குவீங்கன்னுதான் டப்பாவக் கொண்டுவந்து கொடுத்தேன். ‘நானும் இதேதான்’னு சொன்னீங்க பாருங்க!”

நான் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக் கதவிடுக்கில் வாலுவின் ஒரு கண் தெரிந்தது. அதில் தண்ணீர் இருந்ததா, எனக்குத்தான் அப்படித் தெரிந்ததா என்று தெரியவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

அலசல். அளவு. அடங்கிய கொதி. மூன்று நிமிடம்.

கெட்டில் மூடியைத் திறந்து பார்த்தேன். சுருண்டு கிடந்த இலைகள் முழுசாக விரிந்து, ஒவ்வொன்றும் இலை என்று தெரியும்படி படுத்திருந்தன. வடித்த நீர் செம்பு நிறம். கோப்பையின் அடி தெரிந்தது. குடித்தேன். கசப்பு என்று ஒன்று ஓரமாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனது, அவ்வளவுதான். பிறகு வாயில் ஏதோ தித்திப்பு தங்கியது. சர்க்கரை போடவே இல்லை! இரண்டு வாரமாக இந்த டப்பாவில் இது இருந்திருக்கிறது.

வாலு ஒரு கோப்பை குடித்தாள். கோப்பையை என் பக்கம் நகர்த்தினாள். “இன்னொன்னு.” பிறகு மூன்றாவது கோப்பையை ஊற்றச் சொல்லி, சிந்தாமல் எதிர்வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். இந்தத் தடவை நான் அனுப்பவில்லை, அவளாகப் போனாள். அரை மணி கழித்து வெறும் கையோடு திரும்பினாள். என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கு, “டைமர் விஷயமா,” என்றாள்.

நவம்பர் 25, செவ்வாய்

வாலுவின் அம்மாவுக்குப் போன் செய்தேன். “அந்த டிக்கெட் தேதி... நான்தான் தப்பா எடுத்தேன். ரயில் சரியாத்தான் போச்சு.”

“ரயில் சரியாத்தான் போச்சா,” என்று சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நடுவில் மாறிவிட்டது. மூக்கை உறிஞ்சிவிட்டு, “சரி. உடம்பப் பாத்துக்கங்க,” என்றாள்.

நவம்பர் 30, ஞாயிறு

எதிர்வீட்டில் டீ. அவர் போட்டார். நான் வாயைத் திறந்து ஒரு யோசனையும் சொல்லவில்லை. கஷ்டமாகத்தான் இருந்தது.

டிசம்பர் 3, புதன்

அக்கா போன். “என்னடா, வாலு என்னென்னமோ சொல்றா?” என்றாள். ஒன்றுமில்லை என்றேன். “ஒண்ணுமில்லாததுக்கா மீசைய வெட்டின?” என்றாள். இந்த வாலுவை என்ன செய்வது.

டிசம்பர் 10, புதன்

அவருக்குப் பதினோராம் எண் வழித்தடம். கடைசி நிறுத்தத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஆறு நிமிடம் நிற்கும். “அங்க கிடைக்கறது டீயே இல்ல, சூடான தண்ணிக்குச் சாயம் பூசி வெச்சிருக்கான்,” என்று நேற்று குறைப்பட்டுக்கொண்டார். ஆறு நிமிடம் என்றால் ஊற மூன்று, குடிக்க மூன்று. கணக்கு என் கையில் வந்து உட்கார்ந்துவிட்டது.

இன்று காலை கெட்டில், இலை, ஃபிளாஸ்கில் வெந்நீர், இரண்டு கோப்பை எல்லாவற்றையும் பையில் எடுத்துக்கொண்டு போய் நிறுத்தத்துப் பெஞ்சில் கடை பரப்பினேன். டிக்கெட் பரிசோதகர் ஒரு மாதிரி பார்த்தார். பத்து நாற்பதுக்கு வண்டி வளைவில் தெரிந்தது. தண்ணீரை இலைமேல் ஊற்றினேன். வண்டி வளைவிலேயே நின்றுவிட்டது. முன்னால் ஒரு லாரி பின்புறமாகத் திரும்ப முயன்று, மாட்டிக்கொண்டு, நகராமல் கிடந்தது. மூன்று நிமிடம் ஆனது. ஐந்து ஆனது. இலையை எடுத்திருக்க வேண்டும். அவர் முகம் பேருந்துக் கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்ததில் நான் கெட்டிலையே மறந்துவிட்டேன்.

ஒருவழியாக வந்து, இறங்கி ஓடி வந்தார். ஊற்றினேன். ஒரு வாய் குடித்தார். கண் இறுக மூடித் திறந்தது.

“கசக்குது,” என்றார். “நான் லேட்டு. என் தப்பு.”

“அதெப்படி? கெட்டில் என் கையில இருந்துச்சு. இலைய நான்ல எடுத்திருக்கணும். என் தப்பு.”

“லாரிக்காரன முந்திக்கிட்டு நான் வந்திருக்கலாம். என் தப்புங்கறேன்.”

“அதெல்லாம் விட்டுக் குடுக்க முடியாதுங்க. தப்பு என்னோடதுதான்.”

“அட, நான் சொல்றேன்ல!”

வண்டி ஜன்னலிலிருந்து ஒரு பெரியவர் தலையை நீட்டினார். “யாரு தப்பா வேணா இருந்துட்டுப் போகட்டும்மா, வண்டிய எடுங்க!”

அவர் கசப்பை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கோப்பையை என் கையில் திணித்துவிட்டு ஏறினார். வண்டி திரும்பும்போது ஹாரனை இரண்டு தரம் தட்டினார். அடுத்த சுற்று ஐம்பது நிமிடத்தில் வரும் என்று பரிசோதகர் சொன்னார். ஃபிளாஸ்கில் இன்னும் வெந்நீர் இருந்தது. கடையை மதியத்துக்குமேல் திறந்துகொள்ளலாம் என்று பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன்.